சிறிய விமான நிலையத்தில் செயற்கைக்கோள் வழி அப்ரோச்: முதல் படி முதல் கடைசி அடி வரை

ஞாயிற்றுக்கிழமைகளில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் நான்கைந்து பிள்ளைகளுக்கு விமானப் பாடம் எடுக்கிறேன். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள், அல்லது தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தவர்களின் பிள்ளைகள். சிலர் தனியார் விமானி உரிமம் வாங்கிவிட்டு அடுத்ததாக, மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்தே பறக்கும் கருவிப் பறத்தல் தகுதிக்குப் படிக்கிறார்கள். சிலர் இன்னும் கணினி சிமுலேட்டரோடு நிற்கிறார்கள். போன மாதம் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, செயற்கைக்கோளே கொண்டுபோய் இறக்கிவிடுதே, அப்புறம் எதுக்கு இந்தப் பெருக்கல் கணக்கெல்லாம்?"

அவன் தாத்தா பால்மரம் சீவியவர். விடியுமுன் இருட்டில், நெற்றி விளக்கோடு, தன் நிரையை விட்டு ஒரு மரம் விலகாமல் நடந்தவர். நான் சொன்னேன்: "எந்த நிரையில நிக்கிறோம்னு தெரியறது ஒண்ணு. ஏணியில எத்தனாவது படியில நிக்கிறோம்னு தெரியறது வேற. செயற்கைக்கோள் உனக்கு நிரையைத்தான் காட்டும். நம்ம ஊர்ப் பக்கம், சின்ன விமானத்துல, ஏணிப்படியை நீதான் எண்ணணும்."

இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான் போகும். அப்ரோச் என்றால் இறங்குவதற்காக ஓடுபாதையை நெருங்கி வரும் வழி. இதைப் படித்துவிட்டு நேரே மேகத்துக்குள் போய்விடாதீர்கள். பயிற்றுநரும் அன்றைய தேதியில் செல்லுபடியாகும் சார்ட்டும் (அப்ரோச் வரைபடம்) இல்லாமல் இது வெறும் வாசிப்பு.

சிறிய நிலையத்துக்கு இது ஏன் பொருந்துகிறது

பெரிய நிலையங்களில் உள்ள ஐஎல்எஸ் என்ற பழைய முறைக்குத் தரையில் நிறையச் சாமான் வேண்டும். ஓடுபாதையின் மறுமுனையில் ஓர் ஆன்டெனா வரிசை, இறங்குமிடத்துக்குப் பக்கத்தில் சரிவுக்கோட்டுக்கு ஒரு கம்பம், அதற்கு முன்னால் சமப்படுத்திய நிலம், விடாத மின்சாரம், அடிக்கடி வந்து அளந்து பார்க்கும் சோதனை விமானம். நாளைக்கு இரண்டு மூன்று விமானம் வரும் இடத்தில் இந்தச் செலவு கட்டாது. செயற்கைக்கோள் வழி அப்ரோச்சுக்கு நிலத்தில் எதையும் நடவேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் குன்று, எந்தக் கோபுரம் எவ்வளவு உயரம் என்று துல்லியமாக அளந்து, வழியை வரைந்து, பறந்து பார்த்து, அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டும். ஓடுபாதையின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வழி போடலாம்.

பேராக்கில் இன்னொரு காரணமும் உண்டு. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அதில் கோர்பு மலை மட்டும் 2,183 மீட்டர். மேற்கே கிளேடாங் மலை. நடுவில் ஈப்போவைச் சுற்றித் தரையிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள். தரைக் கருவியைச் சார்ந்த வழிகள் அந்தக் கருவி இருக்கும் இடத்துக்கே கட்டுப்படும். செயற்கைக்கோள் வழியில் வழிப்புள்ளிகளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மலைக்கு ஒதுங்கி வந்து, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி நிற்கலாம்.

நேராக வந்து நிற்பது சின்ன விஷயமில்லை. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் முற்றிக் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்களே, அந்த மாதிரி நாட்களில் தாழ்வாகப் பறந்து நிலையத்தைச் சுற்றிவந்து இறங்குவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை.

சார்ட்டின் அடியில் உள்ள மூன்று வரிகள்

இந்த அப்ரோச்சுகளுக்கு இப்போதைய பெயர் ஆர்என்பி. பழைய சார்ட்டுகளில் ஆர்நேவ், அடைப்புக்குள் ஜிஎன்எஸ்எஸ் என்று இருக்கும். சார்ட்டின் கீழ்ப்பகுதியில், எவ்வளவு தாழ இறங்கலாம் என்ற கட்டத்தில், மூன்று விதமான வரிகள் வரலாம்.

எல்நேவ் என்றால் பக்கவாட்டு வழிகாட்டல் மட்டும். இடம் வலம் செயற்கைக்கோள் சொல்லும். உயரம் உங்கள் பாடு. நம் ஊரில் பெரும்பாலான பயிற்சி விமானங்கள் பறப்பது இந்த வரியில்தான்.

எல்நேவ்-விநேவ் என்றால் சரிவுக்கோடும் கிடைக்கும். ஆனால் நம் பக்கத்தில் அந்தச் சரிவுக்கோடு வானத்திலிருந்து வருவதில்லை. விமானத்தின் கணினி காற்றழுத்த உயரமானியை வைத்துத் தானே போட்டுக்கொள்ளும் கோடு அது. பெரிய விமானங்களில் இந்த வசதி இருக்கும்.

எல்பிவி என்றால் சரிவுக்கோட்டையும் செயற்கைக்கோளே தரும். ஐஎல்எஸ் போலவே இருக்கும். நல்ல இடங்களில் தரையிலிருந்து 200 அடி வரை இறங்கலாம். ஆனால் ஜிபிஎஸ் மட்டும் இதற்குப் போதாது. அதன் பிழைகளைத் தரை நிலையங்கள் அளந்து, வேறொரு செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்பும் எஸ்பிஏஎஸ் அமைப்பு வேண்டும். அமெரிக்காவில் வாஸ் 2003இலேயே வந்துவிட்டது. ஐரோப்பாவில் எக்னோஸ், ஜப்பானில் எம்சாஸ். இந்தியாவில் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன். அதை வைத்து 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் என்ற சிறிய நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ஒன்று எல்பிவி முறையில் இறங்கியது. சின்ன ஊருக்குச் செயற்கைக்கோள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

மலேசியாவுக்கென்று அப்படி ஓர் அமைப்பு இல்லை. பணம் மட்டும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே. இங்கே சூரியன் மறைந்த பிறகு, காற்று மண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். மார்ச், செப்டம்பர் வாக்கில் தொல்லை கூடுதல். அந்தக் குமிழிகளைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் மினுங்கும், சில நேரம் அறுந்தும் போகும். பிழையைக் கணித்துத் திருத்துவது பூமத்திய ரேகைக்குத் தள்ளி இருக்கும் நாடுகளைவிட நமக்குக் கடினம். ஆகவே நம் ஊர்ச் சின்ன விமானத்துக்கு எல்நேவ்தான் யதார்த்தம். அதையே ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம்.

படி 1: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் வெளியிடும் ஏஐபி என்ற தகவல் தொகுப்பில் நீங்கள் போகும் நிலையத்தின் சார்ட்டை எடுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வேண்டாம். தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். விமானத்தில் உள்ள ஜிபிஎஸ் கருவியின் (நாங்கள் பெட்டி என்போம்) தரவுத்தளமும் அதே சுற்றில் இருக்க வேண்டும். பெட்டி விழிக்கும்போது முதல் திரையிலேயே காலாவதித் தேதி வரும். அதைப் பார்க்காமல் ஓகே அழுத்துபவர்கள்தான் அதிகம்.

அப்புறம் ரெய்ம். பெட்டி தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் முறை இது. இருக்கும் இடத்தைச் சொல்ல 4 செயற்கைக்கோள் போதும். அவற்றில் ஒன்று பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க 5 வேண்டும். பொய் சொல்வது எது என்று பிரித்து அதை ஒதுக்கிவிட 6 வேண்டும். நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் அது கிடைக்குமா என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் வசதி பெட்டியிலேயே இருக்கும். விமானிகளுக்கு வரும் நோட்டாம் (NOTAM) அறிவிப்புகளில் ஜிபிஎஸ் பற்றி ஏதும் உண்டா என்றும் பாருங்கள்.

கடைசியாக, மாற்று நிலையம். போகும் இடத்திலும் ஜிபிஎஸ், மாற்று இடத்திலும் ஜிபிஎஸ் மட்டும் என்று திட்டம் போடுவது ஒரே கயிற்றில் இரண்டு வாளியைக் கட்டுவது போல. மாற்று நிலையத்தில் விஓஆர் என்ற தரை வழிகாட்டிக் கருவியோ ஐஎல்எஸ்ஸோ இருக்கட்டும், அல்லது கண்ணால் பார்த்து இறங்கும் வானிலை உறுதியாக இருக்கட்டும்.

படி 2: கணக்கைத் தாளில் எழுதுவது

பயிற்சிக்காக நானே ஓர் ஓடுபாதையைக் கற்பனை செய்து வைத்திருக்கிறேன். நம் ஊர்ச் செம்பனைக்கு நடுவில், கடல் மட்டத்திலிருந்து 200 அடி உயரத்தில். இதை எந்த உண்மையான நிலையத்தோடும் பொருத்த வேண்டாம்.

வழி ஆங்கில T எழுத்து வடிவில் இருக்கும். மேல்கோட்டின் இரண்டு முனைகளும் நடுவும் தொடக்கப் புள்ளிகள். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏதாவது ஒன்றைப் பிடிக்கலாம். நடுப்புள்ளியிலிருந்து ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி, இறுதி இறக்கம் தொடங்கும் புள்ளிக்கு வருகிறோம். அதை எஃப்ஏஎஃப் என்பார்கள். நம் கணக்கில் அது ஓடுபாதை முனையிலிருந்து 5 கடல் மைல். இனி மைல் என்றால் கடல் மைல்தான்.

3 பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு 318 அடி இறங்குவோம். ஓடுபாதை முனையை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும். ஆக, முனையில் அல்டிமீட்டர் (காற்றழுத்த உயரமானி) காட்ட வேண்டியது 250. அதிலிருந்து பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள்:

5 மைலில் 1,840 அடி
4 மைலில் 1,522
3 மைலில் 1,204
2 மைலில் 886
1 மைலில் 568

நிஜச் சார்ட்டில் இந்த அட்டவணை பெரும்பாலும் அச்சிட்டே இருக்கும். இருந்தாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கையால் போட்டவனுக்கு மூன்றாவது மைலில் 1,500 அடி என்று பார்த்தால் உடனே உறுத்தும். அச்சிட்டதைப் பார்ப்பவனுக்கு உறுத்தாது.

நிலவேகம் 90 நாட், அதாவது மணிக்கு 90 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை மைல், அதாவது நிமிடத்துக்கு 477 அடி இறக்கம். மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி: நிலவேகத்தை 5ஆல் பெருக்குங்கள். 90 ஐந்து 450, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இதைத்தான் அந்தத் தம்பி பெருக்கல் கணக்கு என்று சலித்துக்கொண்டான்.

எல்நேவ் வரியில் நம் குறைந்தபட்ச உயரம் 650 அடி என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் எப்படி வருகிறது? இறுதிப் பகுதியில் மிக உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 75 மீட்டர், அதாவது 246 அடி இடைவெளி வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 650இல் 246 போனால் 404. அந்த உச்சி கொண்ட ஒரு மேடோ எண்ணெய் ஆலைப் புகைபோக்கியோ வழியில் இருக்கிறது என்று அர்த்தம். இந்த 246ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

650 என்பது தொடக்கூடாத தளம். மேலே தூக்க முடிவெடுத்த பிறகும் விமானம் கொஞ்சம் அமிழும். அதனால் 50 அடி கூட்டி 700 என்று எழுதிக்கொள்ளுங்கள். 3 பாகைச் சரிவில் இந்த 700 ஓடுபாதைக்கு ஏறத்தாழ 1.4 மைல் முன்னால் வரும்.

படி 3: பெட்டியில் ஏற்றுவது

அப்ரோச்சைத் தரவுத்தளத்திலிருந்து பெயரால் மட்டுமே எடுக்க வேண்டும். வழிப்புள்ளிகளை நீங்களே ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்ப்பது கூடாது; ஓர் எழுத்து மாறினால் மலைக்குள் போவீர்கள். ஏற்றிய பிறகு சார்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு துண்டின் திசையையும் தூரத்தையும் ஒப்பிடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

இங்கே என் சொந்தக் கூத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்மின் பெட்டிகளில் 'வெக்டர்ஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. ரேடாரில் பார்த்துத் திசை சொல்லி, இறுதிக் கோட்டுக்கே கொண்டுவந்து விடுவார்கள் என்றால் அதைத் தேர்ந்தெடுப்போம். பயிற்சிக் காலத்தில் நான் அதை அழுத்திவிட்டேன். அடுத்த நிமிடம் கட்டுப்பாட்டாளர், "தொடக்கப் புள்ளிக்கு நேரே போ" என்று மாற்றிவிட்டார். திரையில் தொடக்கப் புள்ளியைத் தேடுகிறேன், காணோம். வெக்டர்ஸ் அழுத்தியதும் பெட்டி முன்பகுதியைத் துடைத்துவிட்டது. மேகத்துக்குள் தலையைக் குனிந்து பித்தானைத் திருகிக்கொண்டிருந்ததில் 300 அடி இறங்கிவிட்டேன். பயிற்றுநர் ஒன்றும் பேசவில்லை, கழுத்துப்பட்டையைப் பிடித்து நிமிர்த்தினார். அன்றிலிருந்து முழு வழியையும் ஏற்றுவேன். தேவைப்பட்டால் நடுவிலிருந்து எடுத்துக்கொள்வேன்.

படி 4: தொடக்கப் புள்ளியிலிருந்து இறுதிப் புள்ளி வரை

இந்தப் பகுதி எளிது. நிலையத்திலிருந்து 30 மைலுக்குள் வந்ததும், வழியை விட்டு இடம் வலம் எவ்வளவு விலகினோம் என்று காட்டும் ஊசியின் அளவுகோல் தானாக மாறும்: முழு விலகல் என்றால் 1 மைல். எஃப்ஏஎஃப்புக்கு 2 மைல் இருக்கும்போது அது மேலும் சுருங்கத் தொடங்கி 0.3 மைலுக்கு வரும். அதே ஊசி விலகல், ஆனால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் திடீரென்று ஊசி துடிப்பாவது போல் தோன்றும். பதறி விரட்டாதீர்கள், இரண்டு மூன்று பாகைத் திருத்தம் போதும்.

அந்த 2 மைலில் திரையில் முறை மாறியதைக் கண்ணால் பாருங்கள். எல்நேவ் என்று எழுத்து வர வேண்டும். வரவில்லை என்றால் எஃப்ஏஎஃப்பைத் தாண்டி இறங்கக் கூடாது. வேகம், இறக்கை மடிப்பு (ஃபிளாப்), சக்கரம் எல்லாம் இதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

படி 5: இறுதி இறக்கம்

எஃப்ஏஎஃப், 1,840 அடி. சக்தியைக் குறைத்து நிமிடத்துக்கு 477 அடி வேகத்தில் இறங்குகிறோம். ஒவ்வொரு மைலிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "நாலு, ஆயிரத்து ஐந்நூற்று இருபது." 50 அடி மேலே இருந்தால் இறக்கத்தைச் சற்றுக் கூட்டுங்கள், கீழே இருந்தால் குறையுங்கள். பழைய காலத்தில் எஃப்ஏஎஃப் தாண்டியதும் ஒரே குத்தாகக் குறைந்தபட்ச உயரத்துக்கு இறங்கி, அங்கேயே தாழப் பறந்து ஓடுபாதையைத் தேடுவார்கள். தாழ்வாக நீண்ட நேரம், மழைக்குள், பாதித் தூக்கிய மூக்கோடு. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சீரான சரிவில் வந்தால் ஓடுபாதை தெரியும்போது நீங்கள் இறங்கக்கூடிய நிலையிலேயே இருப்பீர்கள்.

ஒரு பொறி: பெட்டி காட்டும் தூரம் அடுத்த வழிப்புள்ளிக்கு. எஃப்ஏஎஃப்புக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் இன்னொரு புள்ளி இருந்தால், எண் அதுவரை குறைந்து பூச்சியமாகி, மறுபடி ஏறும். உங்கள் அட்டவணை எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறது என்பதை முன்பே வட்டமிட்டு வையுங்கள்.

சரி, இப்போது ஏணிப்படிக்கு வருவோம்.

அட்டவணைப்படி எல்லாம் சரியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஊசி நடுவில். 4 மைலில் 1,522, 3 மைலில் 1,204. இவ்வளவு இருந்தும் நீங்கள் 280 அடி தாழ இருக்கலாம். காரணம் கியூஎன்எச். அல்டிமீட்டரில் நீங்கள் திருகி வைக்கும் காற்றழுத்த எண் அது. ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் ஏறத்தாழ 28 அடி. உண்மையைவிடப் பெரிய எண்ணை வைத்தால் அல்டிமீட்டர் உயர்த்திக் காட்டும். நீங்கள் கீழே இருப்பீர்கள்.

2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் இது நடந்தது. ஏ320 விமானம், மழை, எல்நேவ்-விநேவ் வரி. உண்மையான அழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் சொன்னது 1011. விமானிகள் 1011ஐ வைத்தார்கள். கணினி வரைந்த கோடு அப்படியே 280 அடி கீழே நகர்ந்தது. ஊசி நடுவில், தூர-உயரச் சோதனையும் பொருந்தியது. ஓடுபாதை தெரியவில்லை என்று மேலே எழும்பத் தொடங்கினார்கள். அப்போது தரைக்கும் சக்கரத்துக்கும் இருந்த மிகக் குறைந்த இடைவெளி, தரையை ரேடியோ அலையால் நேரே அளக்கும் ரேடியோ அல்டிமீட்டரில், 6 அடி. ஓடுபாதை இன்னும் முக்கால் மைலுக்கு மேல் இருந்தது. இரண்டாம் முறையும் அதே எண்ணோடுதான் வந்தார்கள். ஓடுபாதை விளக்குகள் தெரிந்ததால் திருத்திக்கொண்டு இறங்கினார்கள்.

அட்டவணைச் சோதனை இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. கோலே தவறு, அதே கோலால் இரண்டு முறை அளந்தால் இரண்டு முறையும் ஒரே விடைதான் வரும். நம் கற்பனை ஓடுபாதையில் 246 அடி இடைவெளி என்றேனே, 280 அடிப் பிழை அதை முழுதாக விழுங்கிவிடும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு தனிச் சங்கடம், ஒரு தனி வசதி. சங்கடம் என்னவென்றால் இங்கே அழுத்தம் பெரிதாக ஆடுவதில்லை; எப்போதும் 1010ஐ ஒட்டியே கிடக்கும். அதனால் அந்த எண்ணைச் சரியாகக் கேட்கும் பழக்கமே போய்விடுகிறது. ஆனால் ஆடாமலும் இல்லை. காலை 10, 11 மணி வாக்கில் ஏறி, மாலை 4, 5 மணிக்கு இறங்கும். இடையில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். காலையில் வைத்த எண்ணோடு மாலையில் இறங்கினால் 100 அடி வரை தாழ்ந்திருப்பீர்கள். மாலை இடிமழையும் அதே நேரத்தில்தான் வரும். வசதி என்னவென்றால் 1020 என்றோ 1000 என்றோ யாராவது சொன்னால் உடனே சந்தேகப்படலாம். திருப்பிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கம் இதுதான். கியூஎன்எச்சை இரண்டு வேறு இடங்களிலிருந்து எடுக்க வேண்டும்: ஒன்று வானிலை அறிக்கை, மற்றொன்று கட்டுப்பாட்டாளர் வாய்ச்சொல். இரண்டையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த நிலையத்தின் எண் கிடைக்காமல் பக்கத்து ஊர் எண்தான் இருக்கிறது என்றால், சார்ட் அதற்கு அனுமதி தராதவரை இறங்கக் கூடாது. எஃப்ஏஎஃப்பில் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். அதை வைத்துக் குறைந்தபட்ச உயரத்தை முடிவு செய்யக் கூடாது, ஆனால் சந்தேகம் எழுப்ப அது நல்ல சாட்சி.

அந்தச் சாட்சியைப் பார்க்கும்போது வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அல்டிமீட்டர் கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்கிறது. நம் ஊரில் 30. காற்று விரிந்திருப்பதால் உண்மையான உயரம் காட்டுவதைவிட 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். எஃப்ஏஎஃப்பில் நாம் ஓடுபாதைக்கு மேல் 1,640 அடி. ஆக, ஏறத்தாழ 90 அடி கூடுதல். ஜிபிஎஸ் 90 அடி கூட்டிக் காட்டினால் எல்லாம் சரி. சமமாகவோ குறைத்தோ காட்டினால் கியூஎன்எச்சை மறுபடி பாருங்கள்.

இதே காரணத்தால் 3 பாகை என்று நினைத்து நீங்கள் பறப்பது உண்மையில் 3.2 பாகைக்குப் பக்கம். மேகத்தை விட்டு வெளியே வந்ததும் நாம் உயரமா தாழ்வா என்று வெள்ளை, சிவப்பு நிறத்தால் காட்டும் ஓடுபாதை ஓரத்து பாபி விளக்குகளில் இரண்டு வெள்ளை இரண்டு சிவப்புக்குப் பதிலாக மூன்று வெள்ளை ஒரு சிவப்பு தெரியலாம். அந்த மாற்றம் 3 பாகை 10 கலையில் நடக்கும் (60 கலை ஒரு பாகை). நீங்கள் சரியாக அந்த எல்லையில் நிற்கிறீர்கள். பயப்பட வேண்டாம். ஆனால் நம் வெயிலில் மூன்று சிவப்பு தெரிந்தால் எங்கோ பெரிய பிசகு.

படி 6: 700 அடியில்

ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தால் இறங்குங்கள். தெரியவில்லை என்றால் மேலே. "இன்னும் ஐந்து நொடி பார்ப்போம்" என்ற பேச்சே கிடையாது.

முதலில் சக்தி, பிறகு மூக்கு, பிறகு மடிப்பு. பெட்டியைத் தொடுவது அதற்கும் பிறகு. பல பெட்டிகள் ஓடுபாதை முனையில் உள்ள கடைசிப் புள்ளியோடு நின்றுவிடும். 'சஸ்பெண்ட்' என்று எழுத்து வரும். அந்தப் பித்தானை ஒருமுறை அழுத்தினால்தான் மேலேறும் வழியைக் காட்டும். நீங்கள் 1.4 மைலிலேயே ஏறத் தொடங்கியிருந்தாலும் திரும்பும் வளைவை உடனே தொடங்கக் கூடாது. நேரே ஏறிக்கொண்டே கடைசிப் புள்ளி வரை போய், பிறகுதான் திரும்ப வேண்டும். மேலேறும் வழி தடைகளுக்கு விலகி வரையப்பட்டிருப்பது அந்தப் புள்ளியிலிருந்துதான். சார்ட்டில் வேறு எண் போடவில்லை என்றால் 2.5 விழுக்காடு ஏற்றம் எதிர்பார்க்கப்படுகிறது: மைலுக்கு 152 அடி, 90 நாட்டில் நிமிடத்துக்கு 228 அடி. சிறியதாகத் தோன்றும். முழு எடையோடு, 30 பாகை வெயிலில், பழைய பயிற்சி விமானத்தில் அது அவ்வளவு சிறியதில்லை.

சிக்னல் போனால்

எஃப்ஏஎஃப்புக்கு முன் எச்சரிக்கை வந்தால் அப்ரோச்சைத் தொடங்க வேண்டாம். அதற்குப் பிறகு வந்தால் மேலே ஏறி, கட்டுப்பாட்டாளரிடம் சொல்லுங்கள். யாரோ வேண்டுமென்றே சிக்னலைக் கெடுக்கும் சம்பவங்கள் இப்போது உலகில் பெருகிவிட்டன. பெட்டியின் கடிகாரம் திடீரென்று தாவினாலோ, படம் உங்களை வேறெங்கோ காட்டினாலோ, எச்சரிக்கை வராவிட்டாலும் நம்பாதீர்கள்.

வீட்டில் பழகுவது

கார்மின் நிறுவனமே தன் பெட்டிகளுக்கான பயிற்சி மென்பொருளை இலவசமாகத் தருகிறது. பித்தான் பழக அது போதும். பறந்து பழக எக்ஸ்-பிளேன் அல்லது மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர். மேகத்தை 600 அடிக்கு இறக்கி வைத்து, மேலேறும் வழியையும் சேர்த்துப் பறந்து பாருங்கள்.

அப்புறம் ஒரு நண்பரை வைத்து இன்னொரு பயிற்சி. நீங்கள் பார்க்காதபோது அவர் சிமுலேட்டரின் காற்றழுத்தத்தை 10 குறைத்துவிட்டு, உங்களுக்குப் பழைய எண்ணைச் சொல்ல வேண்டும். போன ஞாயிறு அந்தக் கேள்வி கேட்ட தம்பிக்கு இதைச் செய்தோம். ஒவ்வொரு மைலையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு அழகாக வந்தான். ஊசி நடுவிலேயே நின்றது. அல்டிமீட்டர் 700ஐத் தொட்டபோது மேகம் விலகியது. ஜன்னலுக்கு வெளியே செம்பனை மட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன. மேலே இழுத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அண்ணே, கியூஎன்எச் எவ்வளவு? உண்மையைச் சொல்லுங்க."